கேமிங் கம்ப்யூட்டரா, பிளேஸ்டேஷனா? எதை வாங்கினாலும் "படிப்புக்கு"ன்னு சொல்லி வாங்காதீங்க

1/
முழு ஆண்டுப் பரீட்சை முடிஞ்ச வாரத்துல இருந்து ஓபியில வழக்கமா வர்ற ஒரு கேள்வி இது. காய்ச்சலுக்கோ சளிக்கோ சீட்டு எழுதி முடிச்சு, எந்திரிச்சுப் போற நேரத்துல அம்மாவோ அப்பாவோ கேப்பாங்க.

"டாக்டர், பையன் கேமிங் கம்ப்யூட்டர் வேணும்னு உசுர எடுக்கான். அது இல்லன்னா பிளேஸ்டேஷனாவது வாங்கித் தாங்கன்னு நிக்கான். எது நல்லது?"

கடையநல்லூர், வடகரைப் பக்கம்னா இதே கேள்வி துபாய்ல இருந்து வாட்ஸ்அப்ல வரும். "லீவுக்கு வரும்போது எதைக் கொண்டு வரட்டும் டாக்டர்?"

தனித்தனியா சொல்லிட்டு இருந்ததை மொத்தமா இங்க எழுதிடறேன். கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

2/
முடிவை முதல்லயே சொல்லிடறேன்.

வீட்ல பள்ளிக்கூடம் போற பிள்ளை இருக்கு, வாங்கிக் கொடுக்கறதுன்னும் தீர்மானிச்சிட்டீங்க என்றால், கன்சோல் வாங்குங்க. அதை ஹால்ல, எல்லாரும் பார்க்கிற டிவியில மாட்டுங்க. படிக்கிறதுக்குத் தனியா ஒரு சாதாரண லேப்டாப் இருந்தா போதும்.

படிப்பையும் விளையாட்டையும் ஒரே மெஷின்ல போட்டு, அதையும் பிள்ளையோட ரூமுக்குள்ள வைக்காதீங்க. இந்த இழை முழுக்க அது ஏன்னுதான் சொல்லப் போறேன்.

3/
தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி.

கேமிங் பிசி என்பது நம்ம வழக்கமான கம்ப்யூட்டர்தான். அதுக்குள்ள கிராபிக்ஸ் கார்டுன்னு ஒரு விலை உயர்ந்த பாகம் கூடுதலா இருக்கும். படிக்கலாம், டைப் அடிக்கலாம், வீடியோ எடிட் பண்ணலாம், கேம் ஆடலாம்.

கன்சோல் என்பது கேமுக்குன்னே செஞ்ச பெட்டி. டிவியில கேபிள் சொருகினா போதும். சோனியோட பிளேஸ்டேஷன் 5, மைக்ரோசாஃப்டோட எக்ஸ்பாக்ஸ் ரெண்டும் 2020 நவம்பர்ல வந்தது. பிளேஸ்டேஷன் 5 மட்டும் இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியிலதான் வந்து சேர்ந்தது. நின்டெண்டோ கம்பெனி இந்தியாவுல நேரடியா விற்பனை பண்றதில்ல. கடையில பார்க்கிறது எல்லாம் வெளியில இருந்து கொண்டு வந்து விக்கிறது.

4/
காசுக் கணக்கு.

டிஸ்க் போடுற பிளேஸ்டேஷன் 5, 2025-ல சுமாரா 50,000 முதல் 55,000 ரூபாய் இருந்துச்சு. அதே அளவுக்குக் கேம் ஓடுற பிசியை மானிட்டர், கீபோர்டு எல்லாம் சேர்த்து அசெம்பிள் பண்ணா 80,000-க்குக் கீழ முடிக்கிறது கஷ்டம். கேமிங் லேப்டாப்பும் அந்த விலைதான்.

ஆனா கன்சோல்ல செலவு வாங்கின அன்னைக்கோட முடியாது. புதுசா வர்ற பெரிய கேம் ஒண்ணு 5,000 ரூபாய் வரைக்கும் போகும். காசு கொடுத்து வாங்கின கேமை ஆன்லைன்ல மத்தவங்களோட ஆட தனியா சந்தா கட்டணும். பிசியில அந்தச் சந்தா கிடையாது. ஸ்டீம்ல வருஷத்துக்கு நாலஞ்சு தடவை தள்ளுபடி வரும். எபிக் ஸ்டோர் 2018 டிசம்பர்ல ஆரம்பிச்சதுல இருந்து இலவசமாவே கேம் கொடுத்துக்கிட்டு இருக்கு.

அதனால "கன்சோல்தான் மலிவு"ன்னு கண்ணை மூடிச் சொல்ல மாட்டேன். வாங்கும்போது கன்சோல் மலிவு. அஞ்சு வருஷம் ஓட்டினா வித்தியாசம் குறையும்.

5/
கன்சோல் செலவைக் குறைக்க ஒரு வழி இருக்கு. டிஸ்க் இல்லாத மாடல் கொஞ்சம் விலை குறைச்சலா கிடைக்கும். அதை வாங்காதீங்க. டிஸ்க் மாடலே வாங்குங்க.

டிஸ்க்னா ஆடி முடிச்சதும் விக்கலாம், கூட்டாளியோட மாத்திக்கலாம், செகண்ட் ஹேண்ட்ல பாதி விலைக்கு வாங்கலாம். டவுன்லோடு பண்ண கேம் அந்த அக்கவுண்டோட சரி. அதை விக்க முடியாது.

இன்னொரு நல்லதும் இருக்கு. டிஸ்க் மாத்திக்க பையன் வீட்டை விட்டு வெளிய போவான். நாலு பேர் வீட்டுக்கும் வருவாங்க. யாரோட ஆடுறான்னு உங்களுக்கும் தெரியும்.

6/
கரண்ட் கணக்கு.

கேம் ஓடும்போது பிளேஸ்டேஷன் 5 சுமாரா 200 வாட் இழுக்கும். நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்ட பிசி 400 வாட் வரைக்கும் போகும். தினம் 2 மணி நேரம்னு வச்சா, 2 மாச பில்லுல கன்சோல் 24 யூனிட், பிசி 48 யூனிட். நமக்கு 2 மாசத்துக்கு 100 யூனிட் இலவசம். அதுல பாதி பிசிக்கே போயிடும். டிவி, மானிட்டர் கணக்கு தனி.

பெரிய தொகை இல்லதான். இருந்தாலும் வாங்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சிருக்கணும்.

7/
இவ்வளவு நேரம் சொன்னது கடைக்காரரே சொல்லிடுவார். இனிமே சொல்றது மருத்துவரா நான் பார்க்கிறது.

கேமிங் பிசி வாங்குற வீடுகள்ல பெரும்பாலும் ஒரு வார்த்தை காதுல விழும். "படிப்புக்கும் ஆகும்ல டாக்டர்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அப்பா 80,000 ரூபாய் கொடுக்க ஒத்துக்கிறார். பையனுக்கும் அது தெரியும். அதனாலதான் அவனும் "கேம் ஆட வேணும்"னு கேக்காம "ப்ராஜெக்ட்டுக்கு வேணும்"னு கேக்கான். அவன் சொல்றது முழு உண்மை இல்லன்னு அப்பாவுக்கும் தெரியும். தெரிஞ்சே வாங்குறாங்க.

மெஷின் வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே ஒரு பொய் உள்ள வந்து உக்காந்திடுது.

8/
அந்தப் பொய்யோட வட்டியைப் பிறகு தினமும் கட்டணும்.

ராத்திரி 10 மணி. அம்மா கதவைத் தட்டுறாங்க. "இன்னும் என்னல பண்ணுத?" "படிச்சுக்கிட்டு இருக்கேன்மா." உண்மையா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஒரு பட்டனைத் தட்டினா கேம் மறைஞ்சு பிடிஎஃப் வந்திடும். அம்மாவுக்கு அந்த ஸ்கிரீன்ல என்ன ஓடுதுன்னு புரியாது. புரியாததால சந்தேகம் வரும். உண்மையிலேயே படிக்கிற நாள்லயும் அவனை நம்ப மாட்டாங்க. அன்னைக்கு அவனுக்குக் கோவம் வரும்.

இப்படி ஆறு மாசம் போனா வீட்ல பேச்சே குறைஞ்சிடும். எங்ககிட்ட வரும்போது "தலைவலி", "சாப்பிட மாட்டேங்கான்", "ஸ்கூலுக்குப் போக மாட்டேங்கான்"னு வருவாங்க. உக்கார வச்சுப் பேசினா, அம்மாவும் பையனும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காம இருப்பாங்க.

கேமை விட இந்த அவநம்பிக்கைதான் எனக்குக் கவலையா இருக்கும்.

9/
ஹால்ல இருக்கிற கன்சோல்ல இந்தச் சண்டைக்கு இடமில்ல.

டிவியில கேம் ஓடுதுன்னா விளையாடுறான். ஓடலைன்னா விளையாடலை. பாட்டி, தங்கச்சி, பக்கத்து வீட்டுக்காரங்க யாருக்கு வேணும்னாலும் தெரியும். லேப்டாப் திறந்திருந்தா அது படிப்பு. அதுல பெரிய கேம் ஓடவும் ஓடாது. யாரும் போலீஸ் வேலை பார்க்க வேண்டாம். யாரும் பொய் சொல்ல வேண்டியதும் இல்ல.

"ஒன்றரை மணி நேரம் ஆடிக்கோ, அப்புறம் ஆஃப்"னு பேசி வச்சா, அதை ரெண்டு பேருமே பார்க்க முடியும். பார்க்க முடியுற ஒப்பந்தத்தைத்தான் காப்பாத்த முடியும்.

10/
இன்னொரு விஷயம். நம்ம வீடுகள்ல பெரும்பாலும் டிவி ஒண்ணுதான். சாயங்காலம் ஆச்சிக்கு சீரியல். அப்பாவுக்கு நியூஸ். மேட்ச் நாள்னா எல்லாருக்கும் மேட்ச்.

அதாவது ஒரு நாளைக்குப் பையன் கையில டிவி கிடைக்கிற நேரமே ரெண்டு மணி நேரம்தான். எந்த ஆப் போட்டுக் கட்டுப்படுத்தினாலும் ஆச்சி அளவுக்கு வேலை செய்யாது!

ரெண்டாவது கன்ட்ரோலர் ஒண்ணு வாங்கிட்டா தங்கச்சியும் ஆடும். "இட் டேக்ஸ் டூ"ன்னு ஒரு கேம் இருக்கு. 2021-ல வந்தது. தனியா ஆடவே முடியாது, ரெண்டு பேர் வேணும். அண்ணன் தங்கச்சி சேர்ந்து ஒரு வேலையை முடிக்கிறதைப் பார்க்க நல்லாவே இருக்கும். அப்பா ஒரு நாள் கிரிக்கெட் கேம்ல உக்காந்து பையன்கிட்ட தோத்துப் பாருங்க. நான் எழுதுற மாத்திரையை விட அது நல்ல மருந்து.

11/
கண்ணுக்கு வருவோம். இதுல ஒரு எளிய கணக்கு இருக்கு.

பக்கத்துல இருக்கிறதைப் பார்க்க கண் லென்ஸ் வேலை செய்யணும். எவ்வளவு வேலைன்னு கண்டுபிடிக்க 1-ஐ மீட்டர் தூரத்தால வகுத்தா போதும். வர்றது டயாப்டர் கணக்கு.

போன் 25 சென்டிமீட்டர்ல: 4 டயாப்டர்.
மானிட்டர் 50 சென்டிமீட்டர்ல: 2 டயாப்டர்.
டிவி இரண்டரை மீட்டர்ல: வெறும் 0.4 டயாப்டர்.

அதே ஒரு மணி நேர கேம்தான். போன்ல ஆடுறப்ப கண் செய்யுற வேலை டிவியில ஆடுறப்ப செய்யுறதைப் போல 10 மடங்கு. வளர்ற வயசுல ரொம்ப நேரம் கிட்டத்துல பார்க்கிறதும், வெளிய வெயில் வெளிச்சத்துல இல்லாததும் கிட்டப்பார்வைக்குக் காரணங்களா சொல்லப்படுது. தினம் 2 மணி நேரம் வெளிய இருக்கிற பிள்ளைகளுக்கு அந்த ஆபத்து குறையுதுன்னு ஆய்வுகள் காட்டுது.

12/
"அதுக்குத்தான் ப்ளூ கட் கண்ணாடி போட்டுட்டோமே டாக்டர்"னு சொல்வாங்க.

2023-ல காக்ரேன் அமைப்பு இந்தக் கண்ணாடிகள் பத்தின ஆய்வுகளை மொத்தமா அலசிப் பார்த்துச்சு. கம்ப்யூட்டர் பார்க்கிறதால வர்ற கண் சோர்வைச் சாதாரண கண்ணாடியை விட இது குறைக்கிறதா தெரியலைன்னுதான் முடிவு. அந்தக் காசை மிச்சம் பண்ணுங்க. தூரத்தைக் கூட்டுங்க. 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஜன்னல் வழியா மலையைப் பாருங்க. நம்ம ஊர்ல அதுக்கா பஞ்சம்?

13/
தூக்கம். இதுதான் என் கணக்குல முதல் இடம்.

13 முதல் 18 வயசு வரைக்கும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேணும். படிச்சது மனசுல தங்குறதும், உடம்பு வளர்றதும் பெரும்பாலும் அந்த நேரத்துல நடக்கிற வேலை. பதின்ம வயசுல தூக்கம் வர்ற நேரம் இயற்கையாவே கொஞ்சம் தள்ளிப் போகும். அதுக்கு மேல ரூமுக்குள்ள ஒரு கேமிங் பிசியும், ஹெட்செட்டும், "இன்னும் ஒரே ஒரு மேட்ச்"னு கூப்பிடுற நாலு கூட்டாளியும் இருந்தா, 2 மணி 3 மணி ஆகறது பெரிய விஷயமே இல்ல.

நடு ராத்திரி ஆட்டம் ஆபத்துன்னு அரசாங்கமே ஒத்துக்கிட்டு இருக்கு. காசு கட்டி ஆடுற ஆன்லைன் ஆட்டங்கள்ல இரவு 12 முதல் காலை 5 மணி வரை யாரும் உள்ள நுழையக் கூடாதுன்னு 2025 பிப்ரவரியில தமிழ்நாடு விதி கொண்டு வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதே ஜூன் மாசம் அது செல்லும்னு சொல்லிச்சு. ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் காசு கட்டி ஆடுற ஆன்லைன் ஆட்டங்களையே மொத்தமா தடை பண்ணி சட்டம் போட்டது.

பெரியவங்களுக்கே ராத்திரி பூட்டு வேணும்னா, 15 வயசுப் பிள்ளை ரூமுக்குள்ள பூட்டே இல்லாம ஒரு மெஷின் எதுக்கு?

14/
வலிப்பு இருக்கிற பிள்ளைகள் வீட்டுக்கு ஒரு தனிக் குறிப்பு.

வலிப்பு நோய் உள்ளவங்கள்ல சுமார் 100-க்கு 3 பேருக்கு, மின்னி மின்னி வர்ற வெளிச்சம் வலிப்பைத் தூண்டும். 1997 டிசம்பர் 16 அன்னைக்கு ஜப்பான்ல போக்கிமான் கார்ட்டூன்ல சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னின ஒரு காட்சியால 600-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டியதாச்சு.

இப்படிப்பட்ட பிள்ளை இருந்தா உங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் எந்த கேமும். இருட்டு ரூம்ல ஆடக் கூடாது. டிவியை ஒட்டி உக்காரக் கூடாது. தூக்கம் கெட்ட நாள்ல ஆடவே கூடாது. ஆடும்போது ஏதோ மாதிரி இருந்தா ஒரு கண்ணை உள்ளங்கையால முழுசா மூடிக்கிட்டு திரும்பிடணும். இது எல்லாமே ஹால்லதான் எளிது.

15/
"அப்ப கேம் ஆடுறதே நோயா?" இல்லவே இல்ல.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல ஏத்துக்கிட்டு 2022-ல நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியல்ல "கேமிங் டிஸார்டர்" இருக்கு. ஆனா அதுக்கு மூணு விஷயம் சேர்ந்து இருக்கணும். ஆட ஆரம்பிச்சா நிறுத்த முடியாம போறது. சாப்பாடு, படிப்பு, நட்பு எல்லாத்தையும் விட கேம் முதல் இடத்துக்கு வர்றது. கெடுதல் நடக்குதுன்னு தெரிஞ்சும் தொடர்றது. இது வழக்கமா ஒரு வருஷம் நீடிக்கணும், வாழ்க்கையே பாதிக்கப்படணும்.

லீவுல நாலு நாள் விழுந்து விழுந்து ஆடுறது நோய் இல்ல. நானும் ட்யூட்டி முடிஞ்சு வந்து ஆடுறவன்தான். கேம் ஆடுற பிள்ளையைப் பார்த்ததும் "அடிக்ட்"னு முத்திரை குத்தாதீங்க. அந்த வார்த்தை அவனை இன்னும் ரூமுக்குள்ளதான் தள்ளும்.

16/
இப்ப எதிர்க்கேள்விகள். "கன்சோல்லயும் அடிமை ஆகலாமே?"

ஆகலாம். மறுக்கலை. முக்கியமா சில கால்பந்து கேம்கள்ல உள்ள என்ன வரும்னே தெரியாத "பேக்" விக்கிறாங்க. லாட்டரிச் சீட்டு சுரண்டுற மாதிரிதான். பெல்ஜியம் நாட்டுல 2018-லயே இதைச் சூதாட்டம்னு சொல்லித் தடுத்தாங்க.

அதனால கன்சோல்ல உங்க ஏடிஎம் கார்டை சேமிச்சு வைக்காதீங்க. பிள்ளைக்குத் தனியா குழந்தைக் கணக்கு தொடங்குங்க. தினம் எவ்வளவு நேரம், எந்த வயசு கேம், எவ்வளவு காசு, யாரோட பேசலாம்னு எல்லாத்தையும் உங்க போன்லயே நிறுத்தி வைக்கலாம். பிசியிலயும் இந்த வசதி இருக்கு. ஆனா கன்சோலுக்கு ஒரு வாசல், பிசிக்கு ஒன்பது வாசல். ஸ்டீம் ஒண்ணு, டிஸ்கார்டு ஒண்ணு, பிரவுசர் ஒண்ணு, எமுலேட்டர் ஒண்ணு. எல்லாத்தையும் பூட்ட உங்களுக்குத் தெரியாது. திறக்க அவனுக்குத் தெரியும்.

17/
"மத்தளம்பாறையிலயே ஜோஹோ இருக்கு டாக்டர். பையன் கோடிங் படிக்கணும்ங்கான். அதுக்கு நல்ல கம்ப்யூட்டர் வேண்டாமா?"

நம்ம ஊர்க்காரங்க பெருமையா கேக்கிற கேள்வி. பட்டம் இல்லாத பிள்ளைகளையும் எடுத்துப் பயிற்சி கொடுத்து வேலைக்கு வைக்கிற கம்பெனி நம்ம பக்கத்துலயே இருக்கிறது நல்ல விஷயம்தான்.

ஆனா கோடிங் கத்துக்க கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். 8 ஜிபி ராம் இருக்கிற சாதாரண லேப்டாப் தாராளம். 2011-ல ஆரம்பிச்ச விலையில்லா மடிக்கணினித் திட்டத்துல அக்காவுக்குக் கிடைச்சது ஓடுற நிலையில இருந்தா, ஆரம்பத்துக்கு அதுவே போதும். கோடிங்னு சொல்லி கிராபிக்ஸ் கார்டு கேட்டா, அது கேமுக்குத்தான்.

18/
அப்படின்னா கேமிங் பிசி யாருக்குமே வேண்டாமா? வேணும். மூணு பேருக்கு.

ஒண்ணு, 3டி அனிமேஷன், வீடியோ எடிட்டிங், கேம் தயாரிப்புன்னு உண்மையிலேயே இறங்கின பிள்ளை. ரெண்டு, சம்பாதிச்சு சொந்தக் காசுல வாங்குற பெரியவங்க. அவங்க இஷ்டம், நான் யார் சொல்ல? மூணு, வேலைக்கே அப்படிப்பட்ட மெஷின் தேவைப்படுறவங்க.

உங்க பிள்ளை முதல் வகையான்னு கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கு. இருக்கிற லேப்டாப்புல, சின்னப் பிள்ளைன்னா ஸ்கிராட்ச், பெரிய பிள்ளைன்னா கோடோட் அல்லது பிளெண்டர் போட்டுக் கொடுங்க. மூணுமே இலவசம். மூணு மாசத்துல சின்னதா ஒரு கேமோ, ஒரு நிமிஷ அனிமேஷனோ முடிச்சுக் காட்டட்டும். முடிச்சிட்டான்னா, லேப்டாப் திணறுறதை உங்க கண்ணாலயே பார்த்தீங்கன்னா, கேமிங் பிசி தாராளமா வாங்குங்க. அப்ப அது "படிப்புக்கு"ன்னு சொன்னா பொய் இல்ல. அப்பவும் ஹால் மூலையில வைங்க.

19/
உண்மையில கன்சோலுக்குப் போட்டி பிசி இல்ல. கையில இருக்கிற போன்தான்.

நம்ம ஊர்ப் பிள்ளைகள்ல ரொம்ப பேர் ஆடுறது போன்லதான். பப்ஜி 2020 செப்டம்பர்ல தடை, அடுத்த வருஷம் வேற பேர்ல வந்தது. ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில தடை. தடை வந்த பிறகும் பிள்ளைகள் அடுத்த கேமுக்குப் போனாங்களே தவிர ஆட்டம் நிக்கலை. போர்வைக்குள்ள 20 சென்டிமீட்டர்ல, குனிஞ்ச கழுத்தோட, யாரோட பேசுறான்னே தெரியாம ஆடுற ஆட்டம் அது.

அதை நிறுத்த ஒரு மாற்று வேணும்ல? அந்த இடத்துக்குத்தான் ஹால் கன்சோலைச் சொல்றேன். ஆனா கன்சோல் வாங்கின பிறகும் போன் கேம் அப்படியே தொடர்ந்தா, வாங்கினதுல அர்த்தம் இல்ல. "கன்சோல் வந்தா போன்ல கேம் கிடையாது"ன்னு வாங்கறதுக்கு முன்னாடியே பேசிடுங்க. வாங்கின பிறகு பேசினா எடுபடாது.

20/
கல்ஃப்ல இருக்கிற அப்பாக்களுக்கு.

லேப்டாப் ஒண்ணுக்கு கஸ்டம்ஸ் வரி கிடையாது. கன்சோல் உங்க பொதுவான வரம்புக்குள்ள வரும். அதனாலயே "லேப்டாப்னா சுலபமா கொண்டு போயிடலாம்"னு கேமிங் லேப்டாப் வாங்கிட்டு வந்திடாதீங்க. கன்சோலோட வாரண்டி பெரும்பாலும் வாங்கின நாட்டுலதான் செல்லும். விலை வித்தியாசம் கொஞ்சம்தான்னா இங்கயே பில்லோட வாங்கறது நல்லது.

இன்னொண்ணு. பிள்ளையோட இல்லாத வருஷங்களுக்கு ஈடா பெருசா ஏதாவது வாங்கிக் கொடுக்கணும்னு தோணும். புரியுது. ஆனா அந்த லீவு ஒரு மாசம் நீங்களும் கன்ட்ரோலரைக் கையில எடுங்க. திரும்பிப் போன பிறகும் ஆன்லைன்ல வாரம் ஒரு நாள் ரெண்டு பேரும் ஆடலாம். "சாப்டியா, படிச்சியா"க்கு மேல பேச உங்களுக்கு ஒரு விஷயம் கிடைக்கும்.

21/
எல்லாரும் கேக்கிற ஜிடிஏ பத்தி.

பிள்ளைகள் கன்சோல் கேக்கிறதுக்குப் பெரிய காரணமே இந்த கேம்தான். ஜிடிஏ 5 முதல்ல 2013-ல கன்சோல்லதான் வந்தது, பிசிக்கு 2015-லதான் வந்தது. ஜிடிஏ 6-ம் முதல்ல கன்சோலுக்குத்தான் அறிவிச்சிருக்காங்க.

டிஸ்க் பெட்டியில 3, 7, 12, 16, 18-னு ஒரு எண் இருக்கும். ஐரோப்பிய வயதுத் தரம் அது. ஜிடிஏ 5-க்கு 18. "எல்லா பயலுவளும் ஆடுதான்"னு சொல்லுவான். ஏ சர்டிபிகேட் படத்துக்குக் கூட்டிட்டுப் போவீங்களா? அதே அளவுகோல்தான். 8 வயசுப் பிள்ளைக்கு ஆஸ்ட்ரோ பாட் மாதிரி அருமையான கேம்கள் இருக்கு.

22/
நம்ம ஊருக்குன்னு சில பராமரிப்பு.

ஆனி, ஆடியில கணவாய் வழியா அடிக்கிற காத்துல தூசி எவ்வளவு வரும்னு சொல்ல வேண்டாம். கன்சோலை டிவி ஷோகேஸ் உள்ள திணிக்காதீங்க. நாலு பக்கமும் காத்து போகணும், மாசம் ஒரு தடவை துடைக்கணும். சாரல் நேரத்துல ஜன்னல் பக்கம் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில இடி இடிச்சா பிளக்கைப் பிடுங்கிடுங்க. ஆடிக்கிட்டு இருக்கும்போது பட்டுன்னு கரண்ட் போனா சேமிக்காதது போயிடும். அதனால சின்ன யுபிஎஸ் ஒண்ணு நல்லது.

குற்றாலத்துல தண்ணி விழுற நாள்ல எந்த மெஷினும் வேண்டாம். ஐந்தருவிக்கோ பழைய குற்றாலத்துக்கோ கூட்டிட்டுப் போங்க. இதை மருந்துச் சீட்டுலயே எழுதித் தர்றேன்.

23/
சுருக்கமா என் சீட்டு:

– மெஷின் ஹால்ல. ரூமுக்குள்ள போகாது.
– ஸ்கூல் நாள்ல ஒரு மணி நேரம், லீவு நாள்ல இரண்டு. இது நான் சொல்ற அளவு. உங்க வீட்டுக்கு ஏத்த மாதிரி பேசி முடிவு பண்ணுங்க.
– ராத்திரி 9 மணிக்கு மேல கிடையாது.
– உக்காந்து முக்கால் மணி நேரம் ஆனா எந்திரிச்சு நடக்கணும்.
– வெளிய ஓடி ஆடின நாள்லதான் உள்ள ஆட்டம்.
– கார்டு சேமிப்பு கிடையாது.
– 5 வயசுக்குக் கீழ கேமே வேண்டாம்.
– தூக்கம், சாப்பாடு, பள்ளிக்கூடம் மூணுல ஒண்ணு தொடர்ந்து கெட்டா, அடிக்காம திட்டாம கூட்டிட்டு வாங்க. அரசு மருத்துவமனைகள்ல மனநல மருத்துவர்கிட்ட இலவசமா காட்டலாம். டெலிமானஸ் 14416-க்கு 24 மணி நேரமும் பேசலாம். தமிழ்லயே பேசலாம்.

24/
கடைசியா ஒண்ணு.

கையில காசு இல்லன்னா ரெண்டுமே வாங்காதீங்க. வட்டிக்கு எடுத்தோ, நகையை வச்சோ, இஎம்ஐ போட்டோ வாங்குற பொருள் இது இல்ல. "இப்ப நம்மகிட்ட காசு இல்ல தம்பி"ன்னு நேராச் சொல்லுங்க. பிள்ளைகளுக்குப் புரியும். புரியாத மாதிரி ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாங்க, அவ்வளவுதான்.

வாங்குறதா இருந்தா அதையும் நேராச் சொல்லி வாங்குங்க. "இது நீ விளையாட. நல்லா விளையாடு. இந்த லேப்டாப் நீ படிக்க. நல்லா படி." விளையாட்டு தப்பான காரியம் இல்ல. அதை ஒளிச்சு வச்சு செய்ய வைக்கிறதுதான் பிள்ளையைக் கெடுக்கும்.

இந்த லீவுல இதே கேள்வியோட இருக்கிற யாராவது உங்களுக்குத் தெரிஞ்சா, அவங்களுக்கு அனுப்பி வைங்க.